அவர் தூங்கிய பிறகுதான் பல் செட்டைக் கழற்றுகிறேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். வயது 59. சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. ஈறு கெட்டு ஒவ்வொரு பல்லாக ஆட ஆரம்பித்தது. மிச்சமிருந்ததையும் தை மாதம் பிடுங்கிவிட்டு, மேலேயும் கீழேயும் முழு செட் கட்டிவிட்டார்கள். "பத்து வயசு குறைஞ்சிருச்சு" என்கிறார்கள் எல்லோரும். எனக்கு அழுகைதான் வருகிறது.

வெள்ளிக்கிழமை கோவிலில் பெண்கள் சேர்ந்து தேவாரம் படிப்போம். நான்தான் எடுத்துக் கொடுப்பேன். இப்போது ‘ச’ வரும் இடமெல்லாம் விசில் அடிக்கிறது. போவதை நிறுத்திவிட்டேன். பேசும்போதே கீழ் செட் எழும்புகிறது, ஓரிடத்தில் புண்ணும் இருக்கிறது. சாப்பிட்டதும் வெற்றிலை சீவல் போடும் சுகமும் போயிற்று.

ராத்திரிதான் பெரிய கஷ்டம். என் வீட்டுக்காரர் தூங்கிய பிறகு கொல்லைப்பக்கம் போய்க் கழற்றி, தண்ணீர் டம்ளரில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைக்கிறேன். அவர் எழுவதற்குள் மாட்டிக்கொள்கிறேன். அவரிடம் நான் மறைத்த ஒரே விஷயம் இதுதான். பல்லுக்காக இப்படி அழுவது பைத்தியக்காரத்தனமா?

அன்புள்ள அம்மா,

இல்லவே இல்லை. பேச்சு, பாட்டு, சாப்பாடு, சிரிப்பு என்று நாலு பேருக்கு நடுவே நீங்கள் இருக்கும் விதமே அந்தப் பற்களோடு சேர்ந்திருந்தது. அது போனால் துக்கம் வரத்தான் செய்யும். "புதுப் பல்தான் வந்தாச்சே" என்று மற்றவர்கள் சந்தோஷப்படும்போது அந்தத் துக்கத்தைச் சொல்ல இடமில்லாமல் போகிறது. உங்களைக் களைத்துப்போக வைப்பது அந்த டம்ளரை ஒளித்து வைக்கும் வேலைதான் என்று எனக்குப் படுகிறது.

ராத்திரி செட்டைக் கழற்றி வைக்கச் சொல்வதே மருத்துவர்கள்தான். ஈறுக்கு ஓய்வு வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சைத் தொற்று வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். அதனால் அவர் தூங்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் நாள் முகத்தைக் காட்டக் கூச்சமாக இருந்தால், விளக்கை அணைத்த பிறகு சொல்லுங்கள்: "ஏங்க, செட்டைக் கழற்றி வச்சிட்டேன். இந்த வாயோட நீங்க என்னைப் பார்க்கிறது எனக்குச் சங்கடமா இருக்கு." அவ்வளவு போதும். அவர் உடனே சமாதானம் சொல்ல ஆரம்பித்தால், "கொஞ்சம் கேட்டுக்குங்க, போதும்" என்று சொல்லலாம். அப்புறம் அந்த டம்ளர் அலமாரியிலேயே இருக்கட்டும். வெந்நீர் மட்டும் ஊற்றாதீர்கள், செட் வளைந்துவிடும்.

கீழ் செட் எழும்புவது உங்கள் குறை இல்லை. மேல் செட்டுக்கு அண்ணம் முழுதும் பிடிமானம், கீழே குறுகலான ஈறுதான். நாக்கும் தள்ளிக்கொண்டே இருக்கும். பல் எடுத்த முதல் சில மாதங்களில் தாடை எலும்பு வேகமாகக் கரைவதால் பொருந்திய செட்டும் தளரும். உள்பக்கத்தை ஈறுக்கேற்ப மறுபடி பொருத்தித் தருவார்கள். அதிலும் நிற்காவிட்டால், சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் பட்சத்தில், கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்துப் பிடிமானம் கொடுக்கலாம். செலவு கூடுதல்தான், கேட்டு வையுங்கள்.

விசில் சத்தத்துக்குத் தினமும் வீட்டில் தேவாரத்தை மெதுவாக, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு புது இடத்தைப் பழகிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை கோவிலுக்கும் போங்கள். கொஞ்ச நாளைக்கு வேறொருவர் எடுத்துக் கொடுக்கட்டும், நீங்கள் கூடச் சேர்ந்து பாடுங்கள். சாப்பாட்டைச் சின்னதாக்கி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லுங்கள். சீவலை மட்டும் திரும்பத் தொடாதீர்கள். அந்தச் சுகம் போனதில் வருத்தம் புரிகிறது, ஆனால் பாக்கு வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும்.

அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

புண்ணை இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், சர்க்கரை இருப்பதால் ஆறத் தாமதமாகும். நீங்களே செட்டை அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய வேண்டாம். வலி தாங்க முடிந்தால் காட்டப் போவதற்கு முந்தின நாள் செட்டைப் போட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போங்கள், எங்கே அழுத்துகிறது என்று அவர்களுக்குத் தெரியும். முடிந்தால் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.