குழந்தைகளை வரவேற்க ஆடிப் பாடத்தான் வேண்டுமா?

கேள்வி: மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன், 34 பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வொரு விதமாகக் கைதட்டி, ஆடி வரவேற்கும் ஆசிரியர்களின் வீடியோக்களைப் பார்க்கிறேன். எனக்குக் கூச்ச சுபாவம், அதெல்லாம் வராது. பள்ளி திறந்தபோது சுவரெல்லாம் படம் ஒட்டி, பெயர் அட்டை செய்து வைத்தேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மூன்றாவது வாரத்திலேயே எல்லாம் பழகிப்போய்விட்டது. இரண்டு பேர் இன்னும் வாயே திறப்பதில்லை. பாட நேரத்தை விழுங்காமல் தினமும் செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்.

பதில்: ஆட வேண்டாம். வராத ஒன்றை வலிந்து செய்தால் எட்டு வயதுப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், நீங்களும் ஒரே வாரத்தில் களைத்துவிடுவீர்கள். 'நான் வந்ததை டீச்சர் பார்த்துவிட்டார்' என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்தால் அதுவே வரவேற்பு. இது 34 பேருக்கும் தினமும் நடக்க வேண்டும். உங்கள் கற்பனையை அதற்குச் செலவழியுங்கள்.

முதலில் வாசல். மணி அடிக்கும்போது மேசையில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்காமல் கதவருகே நில்லுங்கள். உள்ளே வரும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, கண்ணைப் பார்த்து அழையுங்கள். நேற்று அழுதுகொண்டே போன பிள்ளை என்றால், 'இன்றைக்குப் புதுசா ஆரம்பிக்கலாம், சரியா?' என்று கூடுதலாக ஒரு வரி. அவ்வளவுதான். அமெரிக்காவில் 10 வகுப்பறைகளில் இந்த முறையைச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிள்ளைகள் பாடத்தில் ஈடுபடும் நேரம் 20 சதவீதப் புள்ளிகள் கூடியது, இடையூறு செய்வது 9 புள்ளிகள் குறைந்தது. அவர்கள் உங்கள் பிள்ளைகளைவிட மூத்த நடுநிலைப் பள்ளி மாணவர்கள்தான். ஆனாலும் பெயர் சொல்லி அழைத்தால் மலராத வயது ஏது?

கூச்சத்துக்கு ஒரு வழி உண்டு. கதவருகே ஓர் அட்டையில் நான்கு படங்கள் வரையுங்கள்: கையசைத்தல், கும்பிடுதல், கையோடு கை தட்டுதல், வெறும் புன்னகை. குழந்தை எதைத் தொடுகிறதோ அதை நீங்கள் செய்யுங்கள். தன்னை எப்படி வரவேற்க வேண்டும் என்று முடிவு செய்வது குழந்தை. தொடுவதை விரும்பாத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள், எனவே தொடாமல் வரவேற்கும் வகை அட்டையில் கட்டாயம் வேண்டும். கொஞ்ச நாள் போனதும் வரவேற்கும் வேலையையே தினம் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

பெயர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பெயரைச் சுருக்குவது, வாய்க்கு வந்தபடி உச்சரிப்பது இரண்டும் கூடாது. 'உன் பெயரை நான் சரியாகச் சொல்கிறேனா?' என்று குழந்தையிடமே கேளுங்கள். காதில் விழுகிற மாதிரியே வருகைப் பதிவேட்டில் பென்சிலால் குறித்து வையுங்கள். வீட்டுச் செல்லப்பெயரைச் சொல்லி அழைப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு அது வீட்டோடு இருக்க வேண்டிய பெயர்.

அடுத்து, உட்கார்ந்ததும் செய்ய ஒரு சின்ன வேலை காத்திருக்கட்டும். தவறான விடையே இல்லாத வேலை, மூன்று நான்கு நிமிடத்தில் முடிய வேண்டும். 'டீச்சருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும், அது என்ன?' 'பள்ளிக்கு வரும் யானையின் பையில் என்னவெல்லாம் இருக்கும்?' இப்படிக் கரும்பலகையில் ஒரு வரி போதும். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மூடிய படம். திங்கட்கிழமை ஒரு பெரிய படத்தை ஐந்து தாள் துண்டுகளால் மூடி மாட்டுங்கள். அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தின் படமாக இருக்கட்டும், முளைவிட்ட விதையை மிக அருகில் எடுத்த படம் மாதிரி. தினமும் காலை ஒரு துண்டை எடுங்கள். இது என்னவாக இருக்கும், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுத வேண்டும். யார் சொன்னது சரி, தவறு என்று வெள்ளிக்கிழமை வரை வாய் திறக்காதீர்கள். நாளைக்கு வந்தால்தான் அடுத்த துண்டு என்பதால் பள்ளிக்கு வர ஒரு காரணமும் கிடைக்கிறது. நேற்று எழுதியதை இன்று மாற்றிக்கொள்ளலாம் என்பதால் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயமும் குறைகிறது.

வருகைப் பதிவையும் இப்படியே மாற்றலாம். பெயர் எழுதிய துணிக் கிளிப்புகளை ஒரு கூடையில் போட்டு வையுங்கள். 'மலையா, கடலா?' என்ற கேள்விக்குக் கீழே இரண்டு கயிறு. உள்ளே வரும் பிள்ளை தன் கிளிப்பைப் பிடித்த பக்கம் மாட்டிவிட்டுப் போகும். கூடையில் மிச்சமிருப்பவர்கள் வராதவர்கள், பெயர் கூப்பிடும் நேரம் மிச்சம். எந்தப் பக்கம் எத்தனை, எவ்வளவு அதிகம், இதைப் பட்டை வரைபடமாகப் போட முடியுமா என்று அன்றைய கணக்கு வகுப்பை அங்கிருந்தே தொடங்கிவிடலாம். வராமல் இருந்த பிள்ளை திரும்பி வரும்போது, 'உன் கிளிப் நேற்று கூடையிலேயே இருந்தது' என்று சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது வாரத்தில் பழகிப்போனது என்கிறீர்கள். நல்லதுதான். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயந்த குழந்தைக்கு மனம் அமைதியாகும். வாசல், வேலை, கிளிப் என்ற வரிசையை மாற்றாதீர்கள். கேள்வியும் படமும் மட்டும் மாறட்டும்.

சுவர்ப் படங்களில் பாதியைக் கழற்றிவிடுங்கள். ஆசையாக ஒட்டியிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், சிறு பிள்ளைகள் 24 பேருக்கு நிறைய அலங்கரித்த அறையிலும் வெறும் சுவர் உள்ள அறையிலும் மாறி மாறிப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். அலங்கரித்த அறையில் கவனம் அதிகம் சிதறியது. வெறும் சுவர் அறையில் 55 சதவீதம் சரியாக விடை சொன்னவர்கள், அலங்கார அறையில் 42 சதவீதம்தான் சொன்னார்கள். கரும்பலகை இருக்கும் சுவரைக் காலியாக விடுங்கள். மற்ற சுவர்களைப் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் வருடம் முழுக்க மெல்ல நிரப்பட்டும்.

ஸ்டிக்கர், நட்சத்திரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1973இல் வெளியான ஒரு பரிசோதனையில், படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதியாக இருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. ஏற்கெனவே பிடித்துச் செய்வதற்கு விலை பேச வேண்டாம்.

இனி அந்த இருவர். பத்துப் பள்ளி நாட்கள், தினம் இரண்டு நிமிடம், படிப்பைத் தவிர வேறு எதையாவது பற்றி அவர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள். கேள்வியாகக் கேட்டுத் துளைக்காதீர்கள். அவர்கள் வரைந்ததைப் பார்த்து, 'இந்த நாய்க்கு வால் ரொம்ப நீளமா இருக்கே' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வந்தால் சரி, வராவிட்டாலும் சரி.

வகுப்பில் கேள்வி கேட்டதும் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். 1970களில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடி ஆக்கியதும் விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அப்புறம், எல்லார் முன்னாலும் சொல்வதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்க விடுங்கள். நண்பன் சொன்னதைச் சொல்வது, தான் நினைத்ததைச் சொல்வதைவிடக் கூச்சக்காரப் பிள்ளைக்கு எளிது.

அவர்கள் வீட்டில் பேசும் மொழி வேறா என்று பாருங்கள். வேறு என்றால் சில மாத மௌனம் இயல்பு, அந்த நேரத்தில் அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லாமல், வீட்டில் கலகலவென்று பேசும் பிள்ளை, முதல் மாதம் கழிந்த பிறகும் பள்ளியில் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அது பதற்றம் சார்ந்த ஒரு சிக்கலாக இருக்கலாம், காது கேட்பதிலும் குறை இருக்கலாம். பெற்றோரை அழைத்து, வீட்டில் யாரிடம், எவ்வளவு பேசுகிறது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடமோ குழந்தைகள் மனநல நிபுணரிடமோ போகும்போது அந்தக் குறிப்பு உதவும். அதுவரை அந்தப் பிள்ளை அட்டையில் புன்னகைப் படத்தைத் தொட்டால், நீங்களும் புன்னகைத்து உள்ளே விடுங்கள். 'வாயைத் திறந்து குட் மார்னிங் சொல்' என்று மட்டும் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.