அந்த ‘வெறும்’ எதுக்கு?

கேள்வி: அமெரிக்காவுல சக் க்ளோஸ்டர்மேன்னு ஒருத்தர் வெறும் ராக் பாட்டு, டிவின்னு எழுதியே பெரிய கட்டுரையாளர் ஆயிட்டாராம். இதையெல்லாம் எழுத்துன்னு ஒத்துக்க முடியுமா சார்? (வாசகர், ஈசூன்)

பதில்: அந்த ‘வெறும்’தான் எனக்குப் பிடிக்கல. காலையில நம்ம சிங்கப்பூர் தேக்காவுல உக்காந்து பரோட்டா கொசோங்னு கேக்குறோமே, அதுவும் வெறும் பரோட்டாதான். முட்டை, வெங்காயம் போட்டா மாவுல உள்ள குறை தெரியாது, கொசோங்னா மாவு ஊறினது, வீசினது, கல்லுச் சூடு எல்லாம் முதல் வாய்லயே தெரிஞ்சிரும், மாஸ்டருக்கு ஒளிய இடமே இல்ல. எழுத்தும் அப்படித்தாங்க. போர், அரசியல்னு எழுதினா விஷயத்தோட கனமே பாதி தூரம் இழுத்துட்டுப் போயிடும். ஒரு பாட்டை வச்சு பத்துப் பக்கம் படிக்க வைக்கணும்னா கையில சரக்கு வேணும்.

அவர் வடக்கு டகோட்டாவுல பண்ணை வீட்டுப் பிள்ளை. ஃபார்கோ, அப்புறம் ஆக்ரன்னு ஊர்ப் பேப்பர்கள்ல வேலை பாத்துட்டு 2002லதான் நியூயார்க்குக்கு, ஸ்பின்ங்கிற இசைப் பத்திரிகைக்குப் போனார். அதுக்கு முந்தின வருஷமே முதல் புத்தகம் வந்தாச்சு, பட்டிக்காட்டுல வளர்ற பையனுக்கு ஹெவி மெட்டல்ங்கிற அதிரடி ராக் இசை என்னவா இருந்துச்சுங்கிறதுதான் அதுல விஷயம். 2012ல நியூயார்க் டைம்ஸ் மேகசின்ல அவருக்குக் கிடைச்சது கேள்வி-பதில் பக்கம்! இப்படிப் பண்றது நியாயமான்னு வாசகர்கள் கேக்க, பாட்டு பத்தி எழுதினவர் 2015 வரைக்கும் பதில் சொன்னார்.

இங்க என்ன நடந்துச்சு? நான் சின்னப் பையனா இருக்கும்போது ஒரு இலக்கியக் கூட்டத்துல, சிராங்கூன் ரோட்டு கேசட் கடைங்களைப் பத்தி எழுதினதை வாசிச்சேன். ஒரு பெரியவர் பாதியிலயே எழுந்து, தமிழை வளக்குற வேலையப் பாரு தம்பின்னுட்டார். அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல. கப்பல் பட்டறையில வேலை முடிச்சு வந்த அண்ணன்மாருங்க ஊர்ல இருக்குற பொண்டாட்டிய நினைச்சு எந்தப் பாட்டைப் பதிஞ்சு வாங்கினாங்கன்னு அந்தக் கடைக்காரங்களுக்குத்தான் தெரியும், ஒருத்தரும் உக்காந்து கேட்டு எழுதல, கடைங்களும் போச்சு. நம்ம தமிழ் டிவி வசந்தம் தனி சேனலா வந்ததே 2008ல, அதுல வந்த நாடகங்களப் பத்தி உருப்படியா எத்தனை கட்டுரை படிச்சிருக்கீங்க?

ஈசூன்காரரே, உங்க வீட்டுல அந்தக் காலத்துக் கேசட் கிடந்தா தூக்கிப் போட்றாதீங்க. அட்டையில யாரோட கையெழுத்து, எந்தப் பாட்டு முதல்ல, எதுக்காகன்னு வீட்டுப் பெரியவங்களக் கேட்டு எழுதி அனுப்புங்க. அடுத்த இதழ்ல ரெண்டு பக்கம் உங்களுக்கு.