ஏணிக் கணக்கு: உராய்வு 80 நியூற்றனா, 75ஆ?

சுவரில் சாய்ந்து நிற்கும் 200 நியூற்றன் ஏணியின் அடியில் நிலம் தரும் உராய்வு எவ்வளவு என்றுதான் கேட்டிருந்தீர்கள். அது 75 நியூற்றன்தான். உங்களுக்கு வந்த 80, நிலம் தரக்கூடிய உச்ச உராய்வு. ஏணி வழுக்கும் தறுவாயில் மட்டும்தான் அது முழுசாக வரும்.

கேள்வியில் 'வழுக்கும் தறுவாயில்' என்று எங்கும் இல்லை. உராய்வுக் குணகம் (உச்ச உராய்வு ÷ மறுதாக்கம்) 0.4 என்று கண்டதும் நில மறுதாக்கம், அதாவது நிலம் ஏணியை மேலே தள்ளும் விசை, 200ஆல் பெருக்கிவிட்டீர்கள் போல. முதலாம் வருடத்தில் அதிகம் நடக்கிற பிழை இதுதான்.

சரிபார்க்க, அடியைப் பற்றித் திருப்பம் (விசை × அடியிலிருந்து அதன் செங்குத்துத் தூரம்) எடுங்கோ. 5 மீற்றர் சீரான ஏணி, அடி சுவரிலிருந்து 3 மீற்றர், ஆகவே உயரம் 4. நிறை 200 நியூற்றன், அடியிலிருந்து கிடைத்தூரம் 1.5.

சுவர் மறுதாக்கம் × 4 = 200 × 1.5, அதாவது சுவர் மறுதாக்கம் 75.

கிடையாக இருப்பது இரண்டே விசை, சுவர் மறுதாக்கமும் அதற்கு எதிரான நில உராய்வும்; ஆகவே உராய்வும் 75 ஆகத்தான் வேண்டும். 80 என்றால் 5 நியூற்றன் மிஞ்சி, சும்மா நிற்கிற ஏணி சுவரை நோக்கி நகரவேண்டி வரும்!

ஆனால் ஆள் ஏறினால் கதை வேறு. 60 கிலோ ஆள் (நிறை 600 நியூற்றன் என்று எடுத்தால்) ஏணி வழியே ஏறத்தாழ 2.7 மீற்றர் போனதும் தேவையான உராய்வு உச்சமான 0.4 × 800 = 320ஐத் தொடும். அதற்கு மேல் வழுக்கும். ஓடு மாற்ற ஏறும்போது இன்னொருவர் கீழ்ப்படியில் மிதித்து நிற்பது இதற்காகத்தான்: நில மறுதாக்கம் கூடும், அடியைப் பற்றிய திருப்பம் அவ்வளவாகக் கூடாது.

இதெல்லாம் சுவர் ஒப்பமானது (உராய்வே தராதது) என்றால் மட்டும். கரடான சுவருக்கு மேல்நோக்கிய உராய்வையும் படத்தில் குறியுங்கோ.