வீட்டருகே கூடு கட்டியிருக்கும் பருந்துக்கு இறைச்சி போடலாமா?

வேண்டாம். குஞ்சு பொரித்த பருந்துகளுக்கு உதவுவதாக நினைத்துப் பலரும் கறித்துண்டு வைக்கிறார்கள். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. பருந்து எலியைப் பிடித்தால் எலும்பு, ரோமத்தோடு சேர்த்தே தின்னும். வளரும் குஞ்சுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அந்த எலும்பில்தான் இருக்கிறது. வெறும் சதையே தீனியானால் குஞ்சின் எலும்பு வலுவிழந்து வளைந்துபோகும். செரிக்காத ரோமத்தையும் எலும்புத் துணுக்கையும் பறவை உருண்டையாகக் கக்கிவிடும். கூட்டுக்குக் கீழே கிடக்கும் அதைக் குச்சியால் பிரித்தால் எதை வேட்டையாடியது என்று ஓரளவு தெரிந்துவிடும் (கையுறை போட்டுக்கொள்ளுங்கள்).

அப்புறம், மனிதரிடம் தீனி கிடைக்கும் என்று பழகிய பறவை, யாரோ ஒருவர் கையில் வைத்திருப்பதையும் பறிக்கப் பாயும். அடி வாங்குவது பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

வேடிக்கை பார்ப்பதில் தப்பில்லை. தள்ளி நின்று, தொலைநோக்கியில் பாருங்கள். பறவை உங்களைப் பார்த்து இடைவிடாமல் கத்தினாலோ தலைக்கு மேல் பாய்ந்தாலோ உடனே விலகுங்கள். அடைகாக்கும் பறவை எழுந்து போனால் முட்டை குளிர்ந்துவிடும்.

சரி, உதவியே ஆக வேண்டுமா? எலி விஷம் வைப்பதை நிறுத்துங்கள். விஷம் தின்று தள்ளாடும் எலிதான் பருந்திடம் சுலபமாகச் சிக்கும்.