டெல்டா சிக்மா தீட்டாவின் நிறுவனர்களுள் பெர்த்தா பிட்ஸ் கேம்ப்பெல் ஏன் தனித்து நினைவுகூரப்படுகிறார்?
வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் (ஹார்வர்டு அன்று, பெயரொற்றுமையால் பலரும் குழம்புவதுண்டு) 1913 ஜனவரி 13 அன்று 22 கறுப்பின மாணவியர் தொடங்கிய மகளிர் சேவைச் சங்கமே டெல்டா சிக்மா தீட்டா. கேளிக்கையைவிடப் பொதுப்பணியே முதன்மையானது எனக் கருதிய அவர்கள், இரண்டே மாதங்களுக்குள், மார்ச் 3 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை கோரி அந்நகரில் நடந்த பெரும் ஊர்வலத்தில், கறுப்பினப் பெண்களை வரிசையின் கடைசிக்குத் தள்ள முயற்சிகள் நடந்த சூழலிலும், தங்கள் சங்கத்தின் பெயராலேயே கலந்துகொண்டனர். அவர்களுள் ஒருவர் பெர்த்தா.

கன்சாஸில் பிறந்து கொலராடோவில் வளர்ந்த இவர், 1923இல் சியாட்டலில் குடியேறினார். அங்கே கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான அமைப்பாகிய அர்பன் லீக்கின் கிளையிலும் கிறித்தவ இளம்பெண்கள் சங்கத்திலும் பல்லாண்டுகள் உழைத்து, பின்னதன் நிர்வாகக் குழுவில் வாக்களிக்கும் உரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணாகவும் ஆனார். பதவிப் பெயரை மட்டும் அளித்து வாக்கை மறுப்பது அன்றைய வழக்கமாக இருந்ததால், இதைச் சிறிய செய்தியாக நான் கருதவில்லை.

இருப்பினும், பெரும்பாலோர் மனத்தில் நிற்பது 1981ஆம் ஆண்டுக் காட்சிதான். பழைய ஊர்வலத்தின் நினைவாகப் வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூ சாலையில் திரண்ட சுமார் 10,000 சங்க உறுப்பினர்களுக்கு, 92 வயதில் அவரே தலைமை தாங்கி நடந்தார். 1990இல், தம் 100ஆவது வயதில், சியாட்டலில் மறைந்தார்.