செனட் கமிட்டியில் மனு போட்டால் டிக்கெட் பணம் திரும்பி வருமா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் இருக்கிறோம். மூன்று மாதம் முன்பு அம்மா டல்லாஸிலிருந்து சென்னைக்குத் திரும்ப வேண்டிய விமானம் ரத்தாகிவிட்டது. மூன்று நாள் கழித்து வேறு விமானம் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேறு டிக்கெட் எடுத்து அனுப்பிவைத்தோம். பழைய டிக்கெட்டுக்குக் கார்டில் கட்டிய 1,140 டாலர் இன்னும் வரவில்லை. விமான நிறுவனம் ஏஜென்சியைக் கேள் என்கிறது, ஏஜென்சி விமான நிறுவனத்தைக் கேள் என்கிறது. இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், செனட்டின் வர்த்தகம், அறிவியல், போக்குவரத்துக் கமிட்டியில் மனு போட்டால் இரண்டே வாரத்தில் பணம் வந்துவிடும், அதற்கு 350 டாலர் ஆகும் என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், இந்தப் பதிலை அப்புறம் படிக்கலாம், முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள். தனிநபருக்குப் பணம் வாங்கித் தரும் மனுப் பிரிவு என்று அந்தக் கமிட்டியில் எதுவும் கிடையாது. அங்கே கடிதம் எழுத யாருக்கும் ஒரு பைசா கட்ட வேண்டியதும் இல்லை.

நம் ஊர் சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. பாலம் கட்டவில்லை, பட்டா தரவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வாஷிங்டன் கமிட்டியும் அப்படித்தான் என்று தோன்றுவது இயல்பு. அந்த நினைப்பைத்தான் இந்தத் தரகர்கள் காசாக்குகிறார்கள்.

1816ல் வர்த்தகம், உற்பத்திக் கமிட்டியாகத் தொடங்கி, 1977ல் இந்த நீளப் பெயர் வாங்கிய கமிட்டி அது. விமானம், ரயில், கார் பாதுகாப்பு, கடலோரக் காவல்படை, மீன்வளம், வானிலை, நாசா, தொலைபேசி, இணையம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். இவை சம்பந்தமான மசோதாக்களை அங்கேதான் எழுதித் திருத்துகிறார்கள். இந்தத் துறைகளுக்குத் தலைமை தாங்க அதிபர் யாரையாவது நியமித்தால் அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, வாக்கெடுத்து, செனட்டுக்கு அனுப்புவார்கள். தவறு நடந்தால் அதிகாரிகளையும் கம்பெனித் தலைவர்களையும் வரவழைத்து விசாரிப்பார்கள். ஆனால் "இந்த அம்மாவுக்கு 1,140 டாலர் கொடு" என்று உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

அதற்காக உங்கள் பணத்துக்கும் கமிட்டிக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2024 மே 16 அன்று கையெழுத்தான விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் செனட் வடிவம் இந்தக் கமிட்டியில் உருவானதுதான். பழைய சட்டத்தின் காலம் 2023 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. விமானி பயிற்சி நேரம் போன்ற விஷயங்களில் முட்டிக்கொண்டு, தவணை மேல் தவணையாக நீட்டித்து, ஏழு மாதத்துக்கு மேல் இழுத்தார்கள். பயணி எழுதிக் கேட்டால்தான் பணம் திரும்பும் என்று மசோதாவில் ஒரு வரி இருந்தது. எதிர்ப்பு கிளம்பியபின் கடைசி நேரத்தில், கேட்காமலே திருப்பித் தர வேண்டும் என்று மாற்றினார்கள். அந்த ஒரு வரி மாறாமல் போயிருந்தால் இன்று உங்கள் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

இப்போதைய விதியின்படி, விமானம் ரத்தாகி, மாற்று விமானத்தையும் நீங்கள் ஏற்காவிட்டால் முழுப்பணமும் உங்களுக்கு உரியது. உள்நாட்டுப் பயணத்தில் 3 மணி நேரம், வெளிநாட்டுப் பயணத்தில் 6 மணி நேரம் தாமதமானால்கூட இதே உரிமை உண்டு. கார்டில் கட்டியிருந்தால் 7 வேலை நாள், மற்ற வழியில் என்றால் 20 நாள் கெடு. சட்டம் ஏழு வேலை நாள் என்கிறது, நீங்கள் மூன்று மாதமாகக் காத்திருக்கிறீர்கள். ஏன் என்று தானாகக் கேட்க ஒரு அலுவலகமும் இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

யார் தர வேண்டும்? கார்டு அறிக்கையை எடுத்து, டிக்கெட் வாங்கிய தேதியில் பணம் எடுத்தவர் பெயர் என்ன என்று பாருங்கள். விமான நிறுவனத்தின் பெயர் இருந்தால் அவர்கள் பொறுப்பு. ஏஜென்சி பெயர் இருந்தால் ஏஜென்சி பொறுப்பு. டிக்கெட் ரத்தானது உறுதியானதும் அவர்கள் தர வேண்டியதுதான், "மேலேயிருந்து எங்களுக்குப் பணம் வரட்டும்" என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே தெரிவித்திருந்தால் தங்கள் சேவைக் கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் உங்களைப் பந்தாடுவதை நிறுத்த, கார்டு அறிக்கையின் அந்த ஒரு வரியின் படம் போதும்.

ஏஜென்சி விஷயத்தில் நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஒன்றைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. "ஜெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் வசதி) அனுப்புங்க, 40 டாலர் குறைச்சுத் தரேன்" என்பார்கள். அனுப்பாதீர்கள். நாமே பட்டனை அழுத்தி அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்கித் தர வங்கி கைகொடுக்காது. போன கோடையில் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். குடும்பத்தில் ஐந்து பேருக்கும் டிக்கெட் பணத்தை அப்படித்தான் அனுப்பியிருந்தார். கையில் ரசீது இல்லை, போனில் ஒரு பச்சை டிக் மட்டும் இருந்தது. ஏஜென்ட் எண் அணைந்து கிடந்தது. என்னால் அவருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்னொரு பொறி, ரத்தான அன்று இரவே வரும் மின்னஞ்சல். "உங்கள் பணத்தைப் பயணக் கூப்பனாக ஏற்கிறீர்களா" என்று பெரிய பட்டன் இருக்கும். பணமாக வேண்டும் என்பது அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். பதற்றத்தில் பெரிய பட்டனை அழுத்தினால் பணத்துக்கான உரிமை போய்விடும். நீங்களோ அம்மாவோ அதை அழுத்தவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. பொறுப்பானவர் யாரோ அவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், போனில் பேசியது கணக்கில் வராது. விமான நிறுவனம் 30 நாளுக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், 60 நாளுக்குள் முறையான பதில் தர வேண்டும். கூடவே அமெரிக்க மத்தியப் போக்குவரத்துத் துறையின் விமானப் பயணி பாதுகாப்பு அலுவலகத்தில் இணையப் புகார் போடுங்கள். ஏஜென்சி மேலும் அங்கே போடலாம், கட்டணம் இல்லை. கார்டு வங்கியில் தகராறு எழுப்ப அறிக்கை வந்து 60 நாள் என்பது சட்டக் கெடு. தாண்டியிருந்தாலும் கேட்டுப் பாருங்கள், சில வங்கிகள் பயண நாளிலிருந்து கணக்கிடுகின்றன.

இதற்கும் அசையவில்லை என்றால் உங்கள் செனட்டர் அலுவலகம் இருக்கிறது. டெக்சாஸ்காரர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். 2025 ஜனவரியிலிருந்து கமிட்டித் தலைவர் டெட் குரூஸ், அவரே உங்கள் மாநில செனட்டரும்கூட. நீங்கள் போக வேண்டியது கமிட்டிக்கு அல்ல, அவருடைய மாநில அலுவலகத்துக்கு. தொகுதி மக்கள் மத்தியத் துறைகளோடு படும் பாட்டைக் கவனிக்க ஒவ்வொரு செனட்டரிடமும் ஊழியர்கள் இருக்கிறார்கள். உங்கள் புகார் எண்ணை வைத்து அவர்கள் துறைக்கு ஒரு கடிதம் போட்டால் கோப்பு நகரும். இலவசம். குடியுரிமை இல்லையே என்று தயங்காதீர்கள், அந்த மாநிலத்தில் குடியிருந்தால் பெரும்பாலான அலுவலகங்கள் உதவும். அந்த வாட்ஸ்அப்காரர் 350 டாலர் வாங்கிக்கொண்டு செய்யப்போவதும் பெரும்பாலும் இதே அலுவலகத்தின் உதவிப் படிவத்தை நிரப்புவதுதான்.

அப்படியானால் கமிட்டிக்கு யாருமே எழுதக் கூடாதா? எழுதலாம். ஒரு வகை ஆட்கள் கட்டாயம் எழுத வேண்டும். உங்கள் தெருவிலேயே ஒருவர் விமான நிறுவன அழைப்பு மையத்தில் வேலை பார்க்கலாம், பராமரிப்புக் கூடத்தில் இருக்கலாம், "பணம் கேட்டால் மூன்று முறை தட்டிக்கழி" என்ற உள் உத்தரவைக் கண்ணால் பார்த்திருக்கலாம். ஒருவருக்கு நடந்ததல்ல, எல்லோருக்கும் திட்டமிட்டு நடக்கிறது என்று காட்டும் அந்தத் தகவல்தான் கமிட்டிக்கு வேண்டியது. 2021 டிசம்பரில் விமானப் பாதுகாப்பு பற்றி கமிட்டியில் வெளியான அறிக்கை, உள்ளிருந்து பேசிய 7 பேரின் வாக்குமூலத்தில் நின்றது. அதற்கு முன் 2019 அக்டோபர் 29 அன்று போயிங் தலைமை நிர்வாகி கமிட்டி முன் உட்கார்ந்தபோது, 346 பேர் இறந்த இரண்டு 737 மேக்ஸ் விமான விபத்துகளில் உறவுகளை இழந்தவர்கள் அவருக்குப் பின்னால் படங்களை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் விமானச் சான்றளிப்பு முறையைத் திருத்தும் சட்டம் வந்தது. 2022 கிறிஸ்துமஸ் வாரத்தில் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்ததும் 2023 பிப்ரவரியில் இதே கமிட்டி விசாரித்தது. ஆனால் 2023 டிசம்பரில் 14 கோடி டாலர் அபராதம் போட்டது போக்குவரத்துத் துறை. கமிட்டி கேள்வி கேட்கும், துறை தண்டிக்கும். உள்ளே வேலை பார்ப்பவர் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுவது நல்லது, வேலைக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் இருந்தாலும் அதில் கெடு நாட்கள் உண்டு.

உங்களுக்கு அந்த வழி தேவையில்லை. செனட்டர் அலுவலகம் ஒரு ஒப்புதல் படிவம் அனுப்பும், கையெழுத்து இல்லாமல் துறையிடம் உங்கள் விவரம் கேட்க முடியாது என்பார்கள். டிக்கெட் அம்மா பெயரில், கார்டு உங்கள் பெயரில். ஒருவர் கையெழுத்தோடு அனுப்பிவிட்டு, மற்றதும் வேண்டும் என்று மூன்று வாரம் கழித்துக் கடிதம் வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அம்மா சென்னையில் இருந்தே கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பட்டும், இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.