வரப்பில் நிற்கும் முள்ளுக்கத்திரியை என்ன செய்யலாம்?

கேள்வி: என் கத்திரிச் செடிகள் காய்க்கும் பருவத்தில், இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தொங்கிச் செத்துப்போகின்றன. அதே வயல் வரப்பில் தானாக முளைத்த முள்ளுக்கத்திரி ஒன்றும் ஆகாமல் நிற்கிறது. அதை என் கத்திரியோடு சேர்த்து வாடாத ரகம் உண்டாக்க முடியுமா? சுண்டையோடு சேர்க்கலாம் என்றும் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். களை எடுக்கும்போது அந்த முள்ளுக்கத்திரியை வெட்டிவிடாதீர்கள்.

அடுத்து, நோய் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாடிய செடியின் அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் வெட்டுவாய் மட்டும் அமிழும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இந்தக் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் தங்கும், வேர்க் காயம் வழியாக உள்ளே போகும். மருந்தடித்துத் தீர்க்க முடியாது. அதனால்தான் செடியிலேயே எதிர்ப்புத் தேடுகிறோம்.

அந்த எதிர்ப்பு ஏன் காட்டுச் செடியில் இருக்கிறது? காய் பெருத்தது, கசப்பும் முள்ளும் குறைந்தது என்று சில செடிகளை மட்டும் நம் முன்னோர் தேர்ந்தெடுத்து விதை எடுத்தார்கள். அந்தச் சிலவற்றுக்குள் வராத மரபணுக்கள் எல்லாம் வெளியே நின்றுவிட்டன. மருந்தும் பராமரிப்பும் இல்லாமல் வளர்ந்த காட்டுச் செடிகளிடம் அவை இன்னும் இருக்கின்றன.

ஆனால் எல்லா உறவும் ஒன்றல்ல. சொலானம் இன்சானம் என்ற காட்டுக்கத்திரிதான் பயிர்க்கத்திரியின் நேர் மூதாதை. அது கத்திரியோடு எளிதாகச் சேரும், பிறக்கும் செடியும் விதை வைக்கும். உங்கள் வரப்பில் இருப்பது அதுவாக இருக்கலாம். தரையோடு ஒட்டிப் படர்ந்து, இலையின் இரு பக்கமும் நீண்ட மஞ்சள் முள் இருந்தால் அது கண்டங்கத்திரி. அது அவ்வளவு எளிதில் சேராது. சுண்டை இன்னும் தூரத்து உறவு. மகரந்தம் போட்டாலும் பெரும்பாலும் கரு பாதியில் அழிந்துவிடும், தப்பிப் பிறந்தாலும் மலடாக இருக்கும். தக்காளியிலும் இதே சிக்கல் இருந்தது. 1940களில் ஒரு காட்டுத் தக்காளியோடு சேர்த்து, கருவை ஆய்வகத்தில் தனியே எடுத்து வளர்த்துத்தான், வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கு எதிர்ப்பைக் கொண்டுவந்தார்கள். அந்த எதிர்ப்பும் மண் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடுகிறது.

சரி, கலப்புக்கு முன் ஒரு சோதனை. வரப்பில் ஒரு செடி பிழைத்தது, நோய் அதைத் தொடாததாலும் இருக்கலாம். அதன் பழத்திலிருந்து விதை எடுத்து, செடிகள் செத்த இடத்திலேயே இருபது நாற்று நட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை பிழைத்தால் நம்பிக்கையோடு தொடங்கலாம்.

உங்கள் கத்திரியைத் தாய்ச்செடியாக வையுங்கள். பூ நடுவில் மகரந்தம் ஏற்கும் சூல்தண்டு நீண்டு வெளியே தெரியும் பூவே காய் பிடிக்கும். நாளை மலரப் போகும் மொட்டில் இன்று மாலையே மகரந்தப் பைகளை நீக்கி உறை போடுங்கள், காலையில் காட்டுச் செடியின் மகரந்தத்தைத் தடவி மறுபடி மூடுங்கள். முதல் தலைமுறையில் முள்ளும் கசப்பும் சிறு காயும்தான் வரும், மனம் தளர வேண்டாம். அதை மறுபடி உங்கள் கத்திரியோடு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காட்டுப் பங்கு பாதியாகக் குறைந்து, நான்காவது முறை சுமார் 3 சதவீதத்துக்கு வந்துவிடும். இதில் பலர் தவறுவது ஒரே இடத்தில்தான்: காயை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் முள்ளோடு சேர்ந்து எதிர்ப்பும் போய்விடும். ஒவ்வொரு தலைமுறையையும் நோயுள்ள மண்ணில் நட்டு, பிழைத்ததிலிருந்து மட்டும் அடுத்த கலப்புக்குப் போங்கள். பல பருவங்கள் ஆகும் வேலை இது.

அடுத்த நடவுக்கு வழி ஒட்டு நாற்றுதான், அதாவது சுண்டை வேர்மேல் கத்திரித் தண்டை ஒட்டுவது. சுண்டை வித்தாகச் சேராவிட்டாலும் வேராகச் சேரும். வாடலையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் நன்றாகத் தாங்கும். அது மெதுவாக முளைக்கும் என்பதால் கத்திரிக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே விதைத்துவிடுங்கள். இரண்டின் தண்டும் ஒரே பருமனுக்கு வந்ததும் பிளந்து செருகி, கிளிப் போட்டு, ஈரக்காற்றுள்ள நிழலில் ஒரு வாரம் வையுங்கள். நடும்போதும் மண் அணைக்கும்போதும் ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். புதைந்தால் கத்திரித் தண்டு வேர் விட்டு அந்த வழியாகவே நோய் ஏறிவிடும். அடியில் வரும் சுண்டைத் துளிரை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.

அப்புறம், அதுவும் வாடாமல் நிற்கிறதே என்று ஊமத்தைமேல் ஒட்டுக் கட்டிவிடாதீர்கள். அதன் வேரில் உண்டாகும் நஞ்சு மேலே ஏறிக் காய்க்கும் வரும். ஊமத்தைமேல் ஒட்டிய தக்காளியைத் தின்று நஞ்சேறியவர்கள் இருக்கிறார்கள்.